தேனு கப்பலில் இருக்கிறாள்

செடெனாக்
16 நவம்பர் 2025

தங்கச்சி குமாரி,

எப்படிம்மா இருக்க? ஒடம்பு தேவலையா? அங்க குளுரு எலும்பு வரைக்கும் போவும்னு சொல்றாங்களே, காதுக்கு ஏதாச்சும் கட்டிக்கிறியா? சின்னப் புள்ளையிலேருந்தே ஒனக்குக் காதுவலி வரும். சோறு போடுறானுங்களா, இல்ல மூணு வேளையும் ரொட்டிதானா?

ஒன் அண்ணன் சபாபதிதான் எழுதுறேன். எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். மூணாவதோட நின்ன படிப்பு, அப்புறம் காலம் பூரா எண்ணெ மில்லுக்குப் போற செம்பனப் பழ லோரி ஸ்டியரிங்கு. பேனாவப் புடிச்சா அதுவும் தோட்டத்து மண்ரோட்டுல போற மாதிரியே குலுங்குது. பொறுத்துக்க.

பள்ளிக்கூட ஆபீஸ்ல எழுத்து வேல பாக்குற கிராணி சுகுமாறன் இத போட்டோ புடிச்சு ஒங் கப்பலுக்கு அனுப்புறேன்னாரு. நீ எழுதுறத அவரே டைப் அடிச்சு உறையில போட்டு எங்கையில குடுப்பாரு. எதுக்கு இவ்வளவு பாடு, போன்ல பேசலாமேன்னு கேட்டாரு. முடியாதுங்கன்னேன். ஏன்னு பின்னால சொல்றேன்.

ஒங் கப்பல் படத்தப் பெருசா அடிச்சு பள்ளிக்கூட வாசல்ல தொங்க விட்டிருந்தாங்க. ‘நம் ஜொகூர் ஆசிரியை தென்முனையில்’னு போட்டு, பக்கத்துல நாலு பெங்குவின். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஆடு தெரியும்ல, அந்த ஒத்தக் கொம்பு, அது வந்து கீழப் பக்கம் பூரா தின்னுருச்சு. பெங்குவின்ல ஒண்ணுக்குத்தான் காலு மிச்சம். தலைமையாசிரியர் கோவப்பட்டு பேச்சியம்மாள கூப்புட்டு விட்டாரு. அவ வந்து, ஐயா, ஆட்டுக்குத் தெரியுமா அது குருவியா வாழ எலயான்னு, இனிமே ஒசரக் கட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. இப்ப ஒசரக் கட்டியிருக்காங்க. ஒம் மூஞ்சி மட்டும் நல்லாத் தெரியுது. நான் போற வர்றப்பல்லாம் பாக்குறேன். எளைச்சுத்தான் போயிருக்க.

எம் மக தேனு கருமாதியில நான் ஒன்னப் பாத்து ஒண்ணு சொன்னேன். அதோட நீயும் வாசப்படி மிதிக்கல, நானும் கூப்புடல. அத இங்க திரும்ப எழுத மாட்டேன். ஒனக்கும் மறந்திருக்காது, எனக்கும் மறக்கல.

விசயத்துக்கு வர்றேன். தேனு ஆத்தோட போன அன்னைக்கு அவ அம்மா ராசம்மா குளுவாங் ஆஸ்பத்திரியில நெனவு இல்லாம கெடந்தா, ஒனக்குத் தெரியும். அங்க கல்யாண வீட்டுக்குப் போனவ பந்தியில ஒக்காந்தபடியே சாஞ்சிட்டா. வலது கையும் காலும் போயிருச்சு, ஞாபகமும் ஓட்டையா ஆயிருச்சு. புள்ளைய எடுத்து, பொதைச்சு, காரியம் எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தேன். வழியில ஐயர்ஹீத்தாம் ஊரு தாண்டி வர்ற வரைக்கும் எப்படிச் சொல்றது, எதுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே வந்தேன். கட்டில்ல ஒக்கார வச்சதும் மொத வார்த்த அவ கேட்டது, “தேனு எங்க?”

எவ்வளவு கத சொன்ன வாயி குமாரி இது. மாரியம்மன் திருவிழாவுல நான் மைக்கப் புடிச்சா விடியிற வரைக்கும் ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். அந்த வாயி என்னைக் கேக்காமலே சொல்லிருச்சு. அத்த வீட்டுல இருக்கா, கூலாய்ல, படிக்கிறதுக்காகன்னு.

அப்புறம் நீ கப்பல்ல போற சேதி வந்துச்சு. ராசம்மா பதறிட்டா, அப்ப தேனு யாருகூடன்னு. அவளும் ஒங்கூடத்தான் போயிருக்கான்னு சொல்லிட்டேன். நாம குடியிருக்கிற தாமான்ல வீடு வீடாப் போயி கும்புட்டுச் சொல்லி வச்சிருக்கேன், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு. ராசம்மா எந்நேரமும் பக்கத்துலதான் இருக்கா, போன்ல எப்படிப் பேசுவேன்?

அடுத்த மாசம் நீ கப்பல்லேருந்து எல்லாத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் பேசப் போறியாமே. போன்லயும் வருமாமே. நீ எங்க பேசுனாலும் தேனு கதையச் சொல்லித்தான் ஆரம்பிப்பன்னு சொல்றாங்க, மூவார்ல அப்படித்தான் பேசுனியாம். ராசம்மா அதப் பாக்கணும்னு இப்பவே சொல்லிக்கிட்டு இருக்கா.

அவ பேர எடுக்காதம்மா. வேற எதுவும் கேக்கல.

ஒன் அண்ணன்
சபாபதி

~

தென்முனைக் கடல், கப்பலில்
28 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை இங்கே சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆடு படத்தைத் தின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் நான் அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

காதுக்குக் கட்டிக்கொள்கிறேன். சோறு வாரத்தில் ஒரு நாள் உண்டு. குழைந்துதான் இருக்கும்.

அண்ணியிடம் நீங்கள் சொன்னது பொய் என்று எழுத வரவில்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனால் நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதை நீங்கள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். கருமாதி வீட்டில் நீங்கள் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று யாராலும் எதையும் கேட்டிருக்க முடியாது.

ஆற்றில் வெள்ளம் அளக்கும் அந்தக் கோலை நட்டவள் நான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்தது தேனு. மழை பிடித்தால் பாலத்தின் மேல் நின்று பார், கரைக்கு இறங்காதே என்று சொல்லியிருந்தேன். அன்று பாலத்திலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மழை. அவள் இறங்கினாள். தண்ணீர் சிவப்பைத் தொட்டுவிட்டது என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். அதை நான் ஆற்றோரக் கிராமமான கீழ்க் கம்பத்தின் தலைவருக்கு அனுப்பினேன். அந்த மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். அவளுக்குப் பதில் போட்டேன், வீட்டுக்குப் போ என்று. அவள் அதைப் படிக்கவில்லை.

இங்கே வந்த பிறகு ஒன்றைக் கவனமாகக் கற்றுக்கொண்டேன். இந்தப் பனி உருகி நம் ஆற்றுக்கு வந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது தவறு. எந்தச் சூடு இந்தப் பனியைக் கரைக்கிறதோ அதே சூடுதான் நம் கடலைக் காய்ச்சி, மேகத்தில் பழைய காலத்தைவிட அதிகத் தண்ணீரை ஏற்றுகிறது. அது நம் தலையில் கொட்டுகிறது. நேற்று ஒரு பனிச்சுவர் பிளந்து விழுவதைப் பார்த்தேன். முதலில் சத்தமே இல்லை. விழுந்து முடிந்த பிறகுதான் இடி மாதிரி வந்து சேர்ந்தது. கூட இருந்தவர்கள் படம் பிடித்தார்கள். எனக்குக் கை எழவில்லை.

இதையெல்லாம் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து கேட்காது, அண்ணா. தேன்மொழி என்று ஒரு பிள்ளை இருந்தாள் என்று தொடங்கினால்தான் கேட்கும். அவள் பெயரைச் சொல்லாமல் நான் என்ன பாடம் நடத்துவேன்?

இதை எழுதி இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். சரி. பேச்சில் அவள் பெயர் வராது. இந்த ஒரு முறை மட்டும்.

தங்கை
கிருஷ்ணகுமாரி

~

செடெனாக்
11 டிசம்பர் 2025

தங்கச்சி குமாரி,

நல்லா இருக்கியாம்மா? ஒம் பேச்சப் பாத்தோம். பள்ளிக்கூட மண்டபத்துல பெரிய வெள்ளத்துணி கட்டி அதுல காட்டுனாங்க. ராசம்மாவ நாக்காலியோட தூக்கிட்டுப் போயி முன்வரிசையில வச்சேன். பவுடர் போட்டுவிடச் சொன்னா. தேனு பாப்பாளாம், அம்மா இப்படிக் கெடக்குறான்னு நெனச்சுக்குவாளாம்.

சொன்ன வாக்கக் காப்பாத்திட்ட. ஆனா புள்ளைங்க கேக்கல குமாரி, நெசத்தச் சொல்றேன். நீ என்னவோ டிகிரி, மில்லிமீட்டருன்னு சொன்ன. பின்வரிசையில பயலுக ஒருத்தனுக்கொருத்தன் கிள்ளிக்கிட்டானுங்க. ஒருத்தன் பெங்குவின் கடிக்குமான்னு கேட்டான், அதுக்கு மட்டுந்தான் எல்லாரும் நிமுந்தாங்க. நீ ரெண்டு தடவ பேச்ச நிறுத்துன. எதுக்கு நிறுத்துனன்னு அந்த மண்டபத்துல எனக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு தடவையும் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

கத சொல்றவனுக்குத் தெரியும், சொல்ல வேண்டியத விட்டுட்டுச் சுத்திச் சுத்திப் பேசுறது எவ்வளவு கஷ்டம்னு. ஒரு தடவ கோயில்ல எம் முன்னால முருகன் வேசம் கட்டுன குணாளன் மேடையிலயே தூங்கிட்டான். ஆமா, ராசம்மா தம்பி அதே குணாளந்தான், மூவார்ல நாக்காலி மேச செய்றானே. மயிலு வந்து நிக்கிது, முருகன் கொறட்ட விடுறான். நான் என்ன செய்வேன், முருகன் தவத்துல இருக்காருன்னு சொல்லி மயிலுக்கு ஒரு கதையச் சொல்லி அரமணி நேரம் ஓட்டுனேன். சனங்க கையத் தட்டுனாங்க. இது எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு ஓட்டத் தெரியும். ஓட்டி ஓட்டித்தான் இப்ப மாட்டிக்கிட்டேன்.

நீ பேசுறப்ப ஒனக்குப் பின்னால செவப்புச் சட்ட போட்டு, தலைய மூடிக்கிட்டு, குட்டையா ஒரு ஆளு கையில வாளியோட நடந்து போச்சு பாரு. ராசம்மா எங்கையப் புடிச்சுட்டா. நல்லா இருக்கற இடது கையால, எலும்பு வலிக்கப் புடிச்சா. “அந்தா போறா பாருங்க, ஒசந்துட்டா.”

ஆமா, ஒசந்துட்டாதான்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். ஒசந்துட்டா, இடுப்பு வச்சிருச்சு, வயசு வந்திருக்கும், பொம்பளப்புள்ள ஊரு பேரு தெரியாத கடல்ல ஒத்தையில ஒக்காந்தாளே, யாரு பாத்தா, யாரு துணி குடுத்தான்னு அழ ஆரம்பிச்சா. கஞ்சி எறங்கல. மறுநாளும் எறங்கல. எனக்கு வேற வழி தெரியல குமாரி. ஆமா, பெரிய மனுசி ஆயிட்டா, குமாரி சேதி சொல்லி அனுப்புனா, நான் ஒன்ன பயமுறுத்த வேணாம்னு சொல்லலன்னுட்டேன்.

“அத்தகாரி தண்ணி ஊத்துனாளா?”ன்னு கேட்டா.

ஊத்துனான்னேன்.

அவ மூஞ்சிய நீ பாத்திருக்கணும். அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு தின்னா. கட்டிலப் புடிச்சுக்கிட்டு தானா எந்திரிச்சு நின்னா, ஆஸ்பத்திரியில அவ்வளவு பேரு சொல்லியும் நிக்காதவ. கப்பல்ல ஊத்துன தண்ணி கணக்குல வராது, பொங்கல் கழிச்சு நீங்க வந்ததும் வீட்டுல மொறையா சடங்கு வைக்கணும்னு நாளும் பாத்துட்டா. குணாளனுக்குப் போன் போட்டு தாய்மாமன் சீர் கேட்டுட்டா. அவன் சரிக்கான்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டான்.

நீ ராசம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுது. தண்ணி ஊத்துனேன், புள்ள நல்லா இருக்கான்னு நாலு வரி. அத வச்சு சடங்க வேணாம்னு ஆக்கிருவேன், கப்பல்லயே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு. நாலே வரி.

அண்ணன்
சபாபதி

~

கப்பலில்
20 டிசம்பர் 2025

அண்ணா,

அந்தச் சிவப்புச் சட்டைக்காரியின் பெயர் மரியானா. சிலி நாட்டுக்காரி. சமையல் அறையில் வேலை. எனக்குச் சாப்பாடு வைப்பதும் அவள்தான். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் தட்டை நீட்டினால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் எழுத மாட்டேன். நாலு வரியும் இல்லை, ஒரு வரியும் இல்லை.

சடங்கை வேண்டாம் என்று ஆக்குவீர்களாம். எப்படி? அதற்கு இன்னொரு கதை. பிறகு தேனு ஏன் ஊர் திரும்பவில்லை என்று அண்ணி கேட்பார், அதற்கு ஒரு கதை. பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பீர்களா?

பேச்சு முடிந்த பிறகு இங்கே எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நன்றாக விளக்கினாய் என்றார்கள். பிள்ளைகள் கிள்ளிக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதினீர்களே, அது ஒன்றுதான் நிஜம். அவள் பெயரை விட்டுவிட்டுப் பேசினேன். பேசும்போது அவளை இன்னொரு தடவை கரையில் இறக்கிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அண்ணி அவளைப் பெற்றவர். அழுவதற்கு அவருக்கு ஒரு வருடமாக நாம் வழி விடவில்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்து அழுகிறீர்கள். நான் உலகத்தின் அடியில் வந்து உட்கார்ந்து அழுகிறேன். பெற்றவர் பவுடர் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

குமாரி

~

செடெனாக்
4 ஜனவரி 2026

குமாரி,

ஒடம்பப் பாத்துக்க. நீ எழுதுனதுல ஒரு வார்த்த தப்பில்ல. நான் ஒண்ணும் கேக்க எழுதல, சேதி சொல்றேன்.

குணாளன் வந்திருந்தான். வாசல்ல வண்டிய நிப்பாட்டுறப்பவே மூஞ்சி சரியில்ல, எங்கூடச் சண்ட போடத்தான் வந்தான். மாமா, நீங்க மனுசனான்னு ஆரம்பிச்சான். அந்த நேரம் ராசம்மா உள்ளேருந்து செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்து வந்தா. தம்பி, ஒக்காருடா, புள்ளைய ஒக்கார வைக்க மணை நீதான் செஞ்சு தரணும், நல்ல மரமாப் பாத்துச் செய்யின்னா. அவ நடந்து அவன் பாத்ததே இல்ல. அப்படியே ஒக்காந்துட்டான். காப்பி குடிச்சான். எந்த மரம்க்கான்னு கேட்டான். எந்த மரம்னு கேட்டுட்டு, கொல்லப்பக்கம் போயி கொழாயத் தொறந்து விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

இப்ப மணை வந்து நடுவீட்டுல கெடக்கு. தாமரப்பூ கொடஞ்சிருக்கான். நான் சுத்திச் சுத்தித்தான் நடக்குறேன்.

பேச்சியம்மா மட்டும் சடங்குக்கு வர முடியாதுன்னுட்டா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மெதுவாத்தான் சொன்னா. “சபாபதி, இருக்கறவளுக்கு உண்மையச் சொல்லு. இல்லாதவளுக்கு மஞ்சத் தண்ணி கலக்காத.”

அன்னைக்கு நீ கருமாதியில எதுத்து ஒரு வார்த்த பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நீ செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்ட. ஒரு செருப்பு மாறிப்போச்சு ஒனக்கு, அதுகூடத் தெரியாம நடந்து போன. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ராசம்மா இப்பல்லாம் சிரிக்கிறா. அதச் சொல்லத்தான் எழுதுனேன்.

சபாபதி

~

கப்பலில், திரும்பும் வழியில்
12 ஜனவரி 2026

அண்ணா,

இதோ நீங்கள் கேட்டது. சுகுமாறனை இதைத் தனித்தாளில் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். ஏன் மனம் மாறினேன் என்று கேட்காதீர்கள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் இங்கே பார்த்த எல்லாம் விழுகிறது, உடைகிறது, கரைகிறது. ஒன்றாவது எழுந்து நடக்கட்டும்.

அன்புள்ள அண்ணிக்கு,

தேனு நலம். நானும் நலம். அவள் பெரியவளான சேதியை உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் தண்ணீர் ஊற்றினேன். இங்கே மஞ்சள் கிடைக்காது. சமையல் அறையில் இருந்த மஞ்சள்தூளைக் கரைத்தேன். வெந்நீர்தான், பயப்பட வேண்டாம். மரியானா என்று ஒரு அக்கா புதுத்துணி கொடுத்தாள். அது தேனுவுக்குப் பெரிது. கையை மடித்து விட்டுக்கொண்டு கப்பல் முழுக்க நடந்து காட்டினாள்.

உளுந்தங்களி இல்லாததால் முட்டையும் வெண்ணெயும் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். நேற்று பனிக்கட்டி மேல் கொழுகொழுவென்று ஒரு கடல்நாய் படுத்து மிதந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு, “அத்த, குணா மாமா மாதிரியே தூங்குது பாருங்க” என்றாள். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார்கள். அவளே இங்கிலீசில் சொன்னாள். பயமே இல்லை இவளுக்கு.

இரவில் மட்டும் உங்களைக் கேட்பாள். அம்மா எழுந்து நடப்பார், நீ தூங்கு என்று சொல்வேன். என் படுக்கைக்குக் கீழே அவள் படுக்கை. கை நீட்டினால் அவள் தலை எட்டும்.

உங்கள் நாத்தனார்
குமாரி

அண்ணா, கீழ்ப்படுக்கை இங்கே காலியாகத்தான் இருக்கிறது. இதை எழுதிய பிறகு அதில் என் பையை வைக்க மனம் வரவில்லை.

~

செடெனாக்
20 ஜனவரி 2026

தங்கச்சி குமாரி,

எந்த ஊர்ல எறங்கியிருக்க? எறங்கிட்டா காலு தரையில நிக்கிதா, இல்ல இன்னும் கப்பல் ஆட்டந்தானா? தண்ணி நெறைய குடி. ஊருக்கு எத்தன பிளேன் மாறி வரணுமோ, எல்லா எடத்துலயும் சாப்பாட்ட விட்டுறாத.

ஒங் கடுதாசி வந்துச்சு. சுகுமாறன் குடுக்குறப்ப எம் மூஞ்சியப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டே குடுத்தாரு. அடிச்சவருல்ல, படிச்சிருப்பாரு. நான் அங்கயே ஆபீஸ் படியில ஒக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மெதுவாத்தான் படிப்பேன், ஒனக்குத் தெரியும். மெதுவாப் படிச்சா எல்லாம் கண்ணு முன்னால வந்து நிக்கும்.

நல்லா எழுதியிருக்க. இவ்வளவு காலம் கோயில்ல கத சொன்னவன் சொல்றேன், நாம பொறந்த வீட்டுல நல்லாக் கத சொல்றது நான் இல்ல, நீதான். குணா மாமா மாதிரி தூங்குதுன்னு சொன்னாளே, அந்த எடத்துல சத்தமாச் சிரிச்சிட்டேன். அவ வாயிதான் அது. அப்படியேதான் சொல்லுவா. மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டு நடந்தேன். வெயிலு நல்லா இருந்துச்சு. மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு குமாரி, அப்படி இருந்து ஒரு வருசம் ஆச்சு.

வழியில தபால் ஆபீஸ் பக்கத்துல அந்த மலாய்க்காரம்மா ஆப்பாம் பாலிக்குன்னு இனிப்பு அப்பம் சுடுது பாரு, நெலக்கடல அள்ளிப் போட்டு. அங்க நின்னேன். அந்தம்மா புருசனுக்குக் கால்ல புண்ணு, ஆறவே மாட்டேங்குதாம், அதப் பத்திக் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். எத்தனன்னு கேட்டுச்சு. ரெண்டு, ஒண்ணுல சீனி தூக்கலாப் போடு, எம் மகளுக்குன்னேன்.

போட்டுக் குடுத்துச்சு. வாங்கிக்கிட்டு வந்துட்டேன். சூடு ஆறக் கூடாதுன்னு வேகமா வேற நடந்தேன். வாசக் கேட்டத் தொறந்து, தேனுன்னு கூப்புட வாயத் தொறந்துட்டேன்.

சத்தம் வரல. நல்ல வேள வரல. வேலிக்கிட்ட பேச்சியம்மா நின்னுக்கிட்டு இருந்தா. அவ எங்கையில இருந்த பைய பாத்தா. பாத்துட்டு, வந்து அத எங்கையிலேருந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

அப்பத்தான் புரிஞ்சுச்சு. நீ எழுத மாட்டேன்னு சொன்ன வரைக்கும் எனக்கு ஒரு புடிமானம் இருந்துச்சு. உண்ம எங்கேயோ ஒரு கப்பல்ல பத்திரமா இருக்குன்னு இருந்துச்சு. இப்ப நீயும் எழுதிட்ட. இனிமே அவ செத்தத யாரு வச்சிருக்கா? நாம மூணு பேரும் அவள ஒவ்வொரு நாளும் வளத்துக்கிட்டே போவோம், ஆத்தோரம் செவப்புக் கோட்டப் பாத்து சேதி சொல்லிட்டுப் போன புள்ளைய நெனைக்க ஒருத்தரும் இருக்க மாட்டோம். அது வேற புள்ள குமாரி. கப்பல்ல இருக்கறது வேற புள்ள. எம் புள்ள இங்க, செடெனாக்ல, மண்ணுக்குள்ள இருக்கா.

அந்தக் கடுதாசிய ராசம்மாகிட்ட குடுக்கல. குடுக்க மாட்டேன். நீ கஷ்டப்பட்டு எழுதுன, கோவிச்சுக்காத. ராசம்மாகிட்ட இன்னைக்கு சொல்லப் போறேன். குணாளனக் கூப்புட்டிருக்கேன், வந்துக்கிட்டு இருக்கான், கிளினிக்கு நர்சம்மாவையும் வந்து பக்கத்துல இருக்கச் சொல்லியிருக்கேன். திரும்பப் படுத்துருவாளோன்னு பயமாத்தான் இருக்கு. எம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாளோன்னு அதவிட பயமா இருக்கு. இருந்தாலும் அவ அழணும். நீ சொன்னது சரி.

இன்னொண்ணு. நீ ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துல பேசச் சொல்லியிருக்காங்களாம். அவ பேரச் சொல்லிப் பேசு. எம் பொண்ணு தேன்மொழின்னு சொல்லு. கீழ்க் கம்பத்துச் சனங்க மேட்டுல ஏறித் தப்பிச்சதையும் சொல்லு, அவ எறங்குனதையும் சொல்லு. பின்வரிசப் பயலுக கிள்ளிக்காமக் கேப்பானுங்க. மழ ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் நீ எத வேணும்னாலும் சொல்லு, எனக்கு அது பாதிதான் புரியும். நானும் வந்து ஒக்காருறேன். ஒம் பக்கத்துல, மேடையில இல்ல, கீழதான்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் இன்னும் தெரியல. எந்தக் கதைக்கும் மொத வார்த்தைக்கு நான் நின்னதில்ல. ராசம்மா, அன்னைக்கு நீ குளுவாங்ல இருந்தப்பன்னு ஆரம்பிச்சுப் பாத்தேன், வேணாம், அது கல்யாண வீடு, பந்தின்னு எங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிரும். நேராச் சொல்லிரணும். ராசம்மா, நம்ம தேனு கப்பல்ல இல்லன்னு. அதுக்கு மேல அவளே கேப்பா, கேக்கக் கேக்கச் சொல்லிக்கலாம்.

குணாளன் வண்டி சத்தம் கேக்குது. அவளும் உள்ளேருந்து கூப்புடுறா. ஏங்க, யாரு வந்திருக்கா, தேனுவாங்கறா. இரு குமாரி, போயிட்டு வந்து மிச்சத்த எழுதுறேன், இப்பப் போயி அவ கையப் புடிச்சுக்கிட்டு மொதல்ல